எந்தப் பை என்று கேட்டார் உன் அப்பா

அன்புள்ள கயல்,

போன தடவை வந்திருந்தபோது உன் மேஜை டிராயரைக் காலி செய்து, "இதெல்லாம் தூக்கிப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதில் ஒன்றை மட்டும் நான் போடவில்லை. சீட்டுக்கட்டு அளவில் பச்சையாக ஒரு போர்டு, ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். "அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்து வாங்க" என்று அப்பாவிடம் சொன்னால், "எந்தப் பை?" என்று கேட்டுவிட்டு, கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

அதை வைத்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் உனக்கு நடுவில் மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். என் பழைய பள்ளிக் கம்ப்யூட்டரை அந்தப் பையில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. 1984இல் மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கி, நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களை அனுப்பியது. நீ இப்போது இருக்கும் அதே கேம்பிரிட்ஜில் ஏகார்ன் கம்பெனி உருவாக்கியது அது. பிறகு மொகாலியில் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயும் தயாரித்தார்கள். எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் ஃபேன்தான், கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கணக்கு டீச்சர் என்பதால் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் நான் டைப்ரைட்டரைக்கூடத் தொட்டதில்லை.

அந்த பிபிசி மைக்ரோவில் மொத்தம் 32 கேபி நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். நீ தூக்கிப் போடச் சொன்ன போர்டில் 1 ஜிபி. வகுத்துப் பார்த்தேன், 32,768 மடங்கு.

அதைப் பையில் ஓட்ட எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். எமுலேட்டர் என்றால் பழைய கம்ப்யூட்டர் படத்தைத் திரையில் காட்டும் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிபிசி மைக்ரோவின் மூளையான அந்தப் பழைய 6502 சிப்புக்கு எழுதிய கட்டளையை ஒவ்வொரு பைட்டாக எடுத்து, அந்த சிப் என்ன செய்திருக்குமோ அதையே செய்து, அதற்கு சிப்பின் கடிகாரம் எத்தனை துடிப்பு துடித்திருக்கும் என்று கணக்கும் வைக்கிறது. 40,000 துடிப்பு ஆனால் திரையில் ஒரு படம், நொடிக்கு 50 படம். பை இதை நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் முடித்துவிட்டு, பழைய வேகத்துக்கு ஒத்துப்போவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. சின்னப் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறவர் நடப்பது மாதிரி.

இன்னொன்றும் படித்தேன், அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பையின் உள்ளே இருக்கும் ஏஆர்எம் பிராசசர் வகையை முதலில் வடிவமைத்ததும் அதே ஏகார்ன்தான். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் செய்தது. முதல் சிப் கைக்கு வந்தது 1985 ஏப்ரல் 26. அதற்கு முன்பே அந்த சிப் எப்படி நடந்துகொள்ளும் என்று வில்சன் பார்த்தது ஒரு பிபிசி மைக்ரோவில், பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் மூலமாக! அன்று பிபிசி மைக்ரோ ஏஆர்எம்மைப் போல நடித்தது, இன்று ஏஆர்எம் பிபிசி மைக்ரோவைப் போல நடிக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "அப்போ யார் அம்மா, யார் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு பேப்பரைப் புரட்டினார்.

சரி, கதைக்கு வருகிறேன். முதலில் போன் சார்ஜரைச் சொருகினேன். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் ஒன்று வந்து வந்து போனது, கரண்ட் போதவில்லை என்று அர்த்தமாம். இரண்டாம் நாள் நிஜமாகவே கரண்ட் போய், மெமரி கார்டில் இருந்ததெல்லாம் கெட்டுப்போனது. எதிர்வீட்டுப் பையனை வைத்து மறுபடி முதலிலிருந்து எழுதினோம். பழைய பிபிசி மைக்ரோ அப்படி இல்லை, ஸ்விட்சைத் தட்டி அணைத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் பி-எம் என்ற பிபிசி மைக்ரோ எமுலேட்டரை ஓட்டியதும் அந்தச் சத்தம் வந்தது பார், தாழ்வாக ஒன்று, அப்புறம் உச்சத்தில் குட்டியாக ஒரு 'பிப்'. எனக்கு ஏசி வாடையே வந்துவிட்டது. நட்சத்திரக் குறி அடிக்க இந்தக் கீபோர்டில் ஷிஃப்டோடு 8 என்று பையன் சொன்னான். அடித்தால் பழைய கீபோர்டில் அந்த இடத்தில் இருந்த அடைப்புக்குறி விழுந்தது. என் வலது சுண்டுவிரல் மட்டும் யாரையும் கேட்காமல் எல்-க்கு இரண்டு சாவி தள்ளிப் போய்த் தட்டியது. நட்சத்திரம் வந்தது. நாற்பது வருஷம், கயல்!

இதெல்லாம் எதற்கென்றால், என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண்களும் நானும் சேர்ந்து எழுதிய சிக்குக் கோலம் புரோகிராம். நான்கு வண்ணத் திரைக்கே 20 கேபி போய்விடும். மிச்சத்தில் மெஷினின் சொந்தச் செலவு போக எங்களுக்குக் கிடைத்த இடத்தில் ஒவ்வொரு வரியையும் சுருக்கிச் சுருக்கி எழுதினோம். மாறிகளுக்கு எல்லாம் ஒற்றை எழுத்து. பெண்கள் புள்ளி எண்ணிக்கையைச் சொல்வார்கள், நான் கணக்காக்குவேன். வளைவு எப்படித் திரும்ப வேண்டும் என்பதை அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பையில் ஒலியை உள்வாங்க வழி இல்லை, அதனால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினேன். பழைய டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் போட்டுப் பதிவு செய்தோம். 1200, 2400 ஹெர்ட்ஸ் என்று இரண்டே ஒலியில் எல்லாம் அடக்கம். பையன் அதைக் கோப்பாக மாற்றித் தர, ஏற்றினேன். கோலம் 00, கோலம் 01 என்று எண்கள் ஏறின. 0ஏ வரை (அதன் கணக்கில் 09-க்கு அடுத்தது) வந்து நின்றுவிட்டது. கேசட்டை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் கிறீச்சிடல் நின்று, நாதஸ்வரம்! உன் அப்பா ரேடியோவில் வந்த கச்சேரியை அதன் மேலேயே பிடித்திருக்கிறார்.

கிடைத்த பகுதியின் முடிவில், புரோகிராம் முடிந்தது என்று காட்டும் இரண்டு பைட் சேர்த்து மூடி, ஓட்டினேன். கறுப்புத் திரையில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாக வந்தன. ஏழு, ஆறு, ஐந்து என்று சரியாகக் குறைந்தன. அப்புறம் 'நோ சச் எஃப்என்/ப்ராக்', கூப்பிட்ட பகுதி புரோகிராமில் இல்லை என்று அர்த்தம். வளைவு போடும் பகுதி முழுக்கக் கடைசியில்தான் இருந்தது. புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடாமல் எழுந்து போன வாசல் மாதிரி இருக்கிறது.

மூன்று வாரமாக வளைவுகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலையில் திரும்புவது மட்டும் இன்னும் சரியாகவில்லை. தினமும் காலையில் வாசலில் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்து தட்டுகிறேன்.

உன் ஊரில் கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியம் ஒன்று இருக்கிறது. அங்கே பிபிசி மைக்ரோக்களில் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு போய், பிரேக் சாவியைத் தட்டும் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பு. எமுலேட்டரில் எல்லாம் வருகிறது, சாவிச் சத்தம் மட்டும் வரவில்லை. அப்படியே அந்த பைக்கு உரிய 2.5 ஆம்பியர் சார்ஜர் ஒன்றும் வாங்கி வை. குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா

பி.கு: கேசட்டை அப்பா திருப்பிக் கேட்கிறார். நல்ல தோடியாம். ஆரம்பத்தில் ஏதோ கிறீச்சிட்டுக் கெடுக்கிறதாம்.