பெட்டி சின்னதுதான், சூடு சின்னதில்லை

அன்புள்ள நெட்டை,

உன் குரல்பதிவு நேற்று இரவு பதினொன்றரைக்கு வந்தது. ஏழு நிமிடம். பாதி உன் வீட்டு மின்விசிறிச் சத்தம், மீதி "ஷூ பாக்ஸ் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்டா" என்று நீ மூன்று தடவை சொன்னது. நானும் குரலிலேயே பதில் சொன்னால் நாளைக்குத் தேடி எடுக்க முடியாது, கடைக்காரரிடம் காட்டவும் முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜூரோங்குக்கும் பொங்கோலுக்கும் நடுவில் ஏதோ கடல் கிடக்கிற மாதிரி ஒரு வருடமாக முகம் பார்க்காமல் இருக்கிறோம், வெட்கக்கேடு.

வீட்டுச் செய்தி முதலில். அம்மா முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு புளோக்குக்குக் கீழே வரை வருகிறார், அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் மேலே ஏறுகிறார். பெரியவன் அடுத்த மாதம் என்எஸ், அதாவது தேசிய சேவை, தெக்கோங் தீவில். முடி வெட்டுவதைப் பற்றித்தான் அவனுக்குக் கவலை, எனக்கு அவன் துணியை யார் துவைப்பது என்று. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயில் வரை நடந்தேன், முன்பெல்லாம் விடிய விடிய நின்றோமே, இப்போது பத்து மணிக்கே இடுப்பு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறது.

சரி, உன் விஷயம். நீ கம்பெனியை விட்டு வீட்டிலிருந்தே வேலை செய்யப் போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை பாம் ஷெல்டருக்குள், அதான் வீட்டுக்குள்ளேயே இருக்கிற அந்தப் பாதுகாப்பு அறைக்குள், வைக்கப் போகிறேன் என்றாயே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதே. சத்தம் வராது, சரிதான். காற்றும் வராது. கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, கதவைச் சாத்தினால் வைஃபை கூட உள்ளே நுழையத் தடுமாறும், கேபிள் இழுக்கலாம் என்றால் அந்தச் சுவரை ஊடுருவி ஓட்டை போட விதி விடாது. ரெண்டரிங் (மாடலை நிஜப் படம் போலாக்கும் வேலை) ஓடும்போது 300, 400 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிற ஒரு பொருளை அதற்குள் பூட்டினால் அரை மணியில் அது அடுப்பறை. கட்டடக்கலை படித்தவன் செய்கிற வேலையா இது?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்க்கிகேட் என்ற வரைபட மென்பொருள்கள் மட்டும்தான் உன் வேலை என்றால் இந்தக் கடிதமே தேவையில்லை, ஒரு மேக் மினி வாங்கிக்கொண்டு போய்விடு என்பேன், 13 சென்டிமீட்டர் சதுரம் கூட இல்லை, சத்தமே கிடையாது. ஆனால் உன் பழைய ஆட்கள் இன்னும் ரெவிட் மென்பொருள் வேலையை உனக்குத் தரப் போகிறார்கள், ரெவிட் மேக்கில் நேராக ஓடாது, நீ ரெண்டருக்குப் பிடிவாதமாகப் பிடித்திருக்கும் டி5-உம் விண்டோஸ்தான். ஆகவே பாகம் பாகமாக வாங்கி ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை நாமே கட்டித்தான் ஆக வேண்டும்.

நான் போன செப்டம்பரில் கட்டினேன். முதல் தடவை தப்பாகக் கட்டினேன், அதைக் கேள், உனக்கு அதுதான் உதவும்.

நானும் உன்னைப் போலத்தான், சின்னதிலும் சின்னதாக வேண்டும் என்று 10 லிட்டர் பெட்டி ஒன்றைப் பார்த்து மயங்கினேன். (இந்த உலகத்தில் பெட்டியை லிட்டரில்தான் அளப்பார்கள், தண்ணீர் ஊற்றப் போகிற மாதிரி.) தொழில்புத்தி சும்மா விடுமா, ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு எடுத்து ஸ்கெட்ச்அப்பில் மாடல் செய்து, பெட்டியை நடுவில் வெட்டி செக்‌ஷன் எல்லாம் பார்த்தேன். மதர்போர்டு (எல்லாப் பாகமும் செருகுகிற பலகை) மினி-ஐடிஎக்ஸ் அளவு, 170 மில்லிமீட்டர் சதுரம். பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை, 125-க்கு 100, உயரம் 63.5. படத்தைக் கணக்கிடுகிற கிராஃபிக்ஸ் கார்டும் உட்கார்ந்தது. திரையில் எல்லாம் அழகு. பாகங்கள் வந்து மாட்டி முடித்துப் பக்கத்துத் தகட்டை மூடப் போனால் மூடவில்லை. ஏன் தெரியுமா? கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் செருகுகிற மின்கேபிளை நான் வரையவே இல்லை. செருகியின் உயரம், அதற்குமேல் கேபிள் வளைவதற்கு இடம், எல்லாம் சேர்த்து மூன்று விரல்கடை வெளியே நின்றது. சீலிங் உயரத்தை வரைந்துவிட்டு ஏசி குழாயை மறந்து மின்சாரம், ஏசி பார்க்கும் எம் அண்ட் இ ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோமே முதல் வருடத்தில், அதே தப்பு, இருபது வருடம் கழித்து, சொந்தக் காசில்.

கேபிளை அமுக்கி மூடலாம் என்று கடைப்பையன் சொன்னான். வேண்டாம். அதுவும் பெரிய கார்டுகளில் வரும் அந்தப் புதிய 16 முள் செருகியை அடியோடு மடக்கினால் தொடர்பு சரியாக உட்காராமல் சூடேறி உருகிய கதைகள் நிறைய.

பிறகு வாங்கியது கூலர் மாஸ்டர் என்ஆர்200, 18 லிட்டர் சொச்சம். நம் தாத்தா காலத்தில் 4 காலன் மண்ணெண்ணெய் டின் இருக்குமே, ஏறக்குறைய அதே கொள்ளளவு. மேசைக்கு மேலே வைத்தாலும் உறுத்தாது, கீழிருந்து காற்றை இழுத்து மேலே இரண்டு விசிறி வழியாகத் தள்ளுகிறது. அந்த எட்டு லிட்டரை மிச்சப்படுத்தப் பார்த்துத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன். குளிர்நாட்டுக்காரன் 20 டிகிரி அறையில் வைத்துச் சோதித்துவிட்டுப் பிரமாதம் என்பான், உன் அறை மதியம் ஏசி போடாவிட்டால் 31, 32. அவன் பார்த்த எண்ணோடு பத்தைக் கூட்டிக்கொள்.

இப்போது பாகங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் உன் பழைய லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று பார். ரெவிட்டில் சுவரை நகர்த்தும்போது, வியூ திறக்கும்போது பெரும்பாலும் சிபியூவில் (கணக்குப் போடுகிற முக்கியச் சிப்) ஒரே ஒரு கோர்தான், அதாவது ஒரு மூளைதான், வேர்க்க வேர்க்க ஓடும், மற்றதெல்லாம் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும். அங்கே கோர் எண்ணிக்கை உதவாது, ஒரு கோரின் வேகம்தான் உதவும். வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளை சிபியூவில் ஓட்டினால் நேர் எதிர், இருக்கிற அத்தனை கோரையும் விழுங்கும். என்ஸ்கேப், டி5, லூமியன், ட்வின்மோஷன் எல்லாம் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழும். நீ வி-ரேயை எப்போதாவதுதான் தொடுகிறாய் என்றால் ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ் சிப், 8 கோர், 65 வாட், தாராளம். நான் ஆசைப்பட்டு 12 கோர் 9900எக்ஸ் வாங்கினேன், அது 120 வாட் சிப். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கிற ஈகோ மோடு போட்டு அதை 65 வாட்டுக்கு இறக்கிவிட்டேன், சிபியூ ரெண்டரிங் கொஞ்சம் மெதுவாகிறது, ரெவிட்டில் வித்தியாசமே தெரியவில்லை, விசிறி வாயை மூடிக்கொண்டது. அதற்கு மேலே நொக்டுவாவின் 125 மில்லிமீட்டர் உயர யு9எஸ் காற்றுக் குளிரூட்டி. தண்ணீர்க் குளிரூட்டி எனக்குப் பிடிக்காது, ஒரு மூலையில் பம்ப் நின்றால் எல்லாம் நின்றது.

கேரோசெல் செயலியில் பழைய இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை சிப் மலிவாக வரும், உன் கை அரிக்கும், தெரியும். அவற்றில் வோல்ட்டேஜ் தகராறால் சிப் நாளடைவில் கெடுவதை 2024-ல் இன்டெல்லே ஒத்துக்கொண்டு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. முன்னால் வைத்திருந்தவர் பயாஸை எப்போது புதுப்பித்தார் என்று யாருக்குத் தெரியும்? விட்டுவிடு.

காசை எங்கே போட வேண்டும் என்றால் கார்டின் மெமரியில். வேகம் குறைந்தால் படம் பத்து நிமிடம் தாமதமாக வரும், அவ்வளவுதான். மெமரி பற்றாவிட்டால் ஒன்று நத்தையாக ஊரும், இல்லாவிட்டால் படமே வராது. போன வருடம் ஒரு கொண்டோவின் நீச்சல்குளப் பக்கம், வாடிக்கையாளருக்கு மரம் வேண்டும், நிறைய மரம், 4கே படம், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. என் பழைய 8 ஜிபி கார்டு இரவு இரண்டு மணிக்கு மென்பொருளையே மூடிக்கொண்டு போய்விட்டது. அன்றுதான் தெரிந்துகொண்டேன், ஒரே தூங்குமூஞ்சி மரத்தை நூறு தடவை நகல் வைத்தால் அது மெமரியில் ஒரு மரம்தான், நாற்பது விதமான மரத்தை இழுத்துப் போட்டால் நாற்பதும் தனித்தனியாக உட்காரும். ஆறு வகையை எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்து, சிலதைச் சின்னதாக்கி, விடியற்காலை ஐந்துக்கு முடித்தேன். வாடிக்கையாளர் கடைசியில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, குளத்து ஓட்டின் நிறம் பிடிக்கவில்லையாம்.

ஆகவே 16 ஜிபிக்குக் கீழே போகாதே. நான் வாங்கியது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 180 வாட். இதில் ஒரு பொறி: அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறது, 16 ஜிபியும் விற்கிறது, அட்டைப்பெட்டி ஒன்று போலவே இருக்கும், விலை நன்றாயிருக்கிறதே என்று எடுத்தால் 8 ஆக இருக்கும். பில்லில் 16 என்று எழுதச் சொல். 5070 இதைவிட வேகம்தான், ஆனால் 12 ஜிபி. 5070 டிஐ 16 ஜிபி, நல்ல கார்டு, ஆனால் 300 வாட், மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையில் அதை ஓட்டினால் ஏசி செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு. கார்டு எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எத்தனை நீளம் என்று அந்தந்த மாடலுக்குப் பார், ஒரே சிப்பை ஒருவன் இரண்டு விசிறியோடும் இன்னொருவன் மூன்று விசிறியோடு பிரம்புக்கூடை மாதிரியும் விற்கிறான். சின்னப் பெட்டிக்கு இரண்டு விசிறிக்காரன்.

ரேம். மினி-ஐடிஎக்ஸ் போர்டில் இரண்டே இரண்டு இடம், "இப்போது ஒன்று, பிறகு ஒன்று" என்ற நம் பழைய வித்தை செல்லாது. 32 ஜிபி இரண்டு, ஒரே ஜோடியாக. மாட்டியபின் பயாஸில் எக்ஸ்போ என்ற வேக அமைப்பை ஆன் செய்ய மறக்காதே, இல்லாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து 4800-ல் ஓட்டிக்கொண்டிருப்பாய். விலையைப் பற்றிக் கேட்காதே. நான் வாங்கிய இரண்டு மூன்று மாதத்துக்குள் ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, விலை தங்கம் மாதிரி ஏறிவிட்டது. என் மனைவி, "அந்தக் காசுக்கு செராங்கூன் ரோட்டில் வளையலே எடுத்திருக்கலாம், அதுவும் ஏறியிருக்கும்" என்கிறாள், பதில் இல்லை. எல்லாம் சேர்த்து அப்போது எனக்கு 2,500 வெள்ளியை ஒட்டி ஆனது, மானிட்டர் இல்லாமல். இப்போது அதற்குள் அடங்காது. உனக்கு இடிக்கிறது என்றால் சிபியூவைக் குறை, கார்டையும் ரேமையும் குறைக்காதே.

மற்றதெல்லாம் சில்லறை. பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் 750 வாட், கோல்டு தரம். கோப்புகளைச் சேமிக்க 2 டிபி எஸ்எஸ்டி, நான்காம் தலைமுறை போதும், ஐந்தாவது சூடு அதிகம், அதுவும் போர்டின் முதுகில் உள்ள இடத்தில் மாட்டினால் காற்றே படாது. விண்டோஸுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்துவை. தூசி வலை கட்டாயம், சீனர்களின் ஏழாம் மாதம் உன் புளோக்குக்குக் கீழே காகிதம் எரிக்கும்போது சாம்பல் எட்டாவது மாடி வரை வரும், நான் போன முறை வலையைக் கழற்றித் தட்டியபோது சாம்பிராணி வாசனையே அடித்தது.

சனிக்கிழமை வருகிறாயா? சிம் லிம் ஸ்குவேர் மேல்மாடியில் இன்னும் சில கடைகள் கேட்டால் கையில் விலைப்பட்டியல் தருகிறார்கள், பாலிடெக்னிக் நாளில் ஒரு ஏ4 தாளை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ஐந்து வெள்ளி மிச்சம் பிடித்து, அதை அப்படியே தேக்காவில் பிரியாணிக்குக் கொடுத்தோமே. ரோச்சோர் எம்ஆர்டி, பதினோரு மணி. உன் மேசையின் ஆழத்தை அளந்துகொண்டு வா, அறையில் பிளக் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்த்து வா. நான் ஸ்க்ரூடிரைவரும் அளவுநாடாவும் கொண்டுவருகிறேன்.

அந்த 10 லிட்டர் பெட்டி இன்னும் என் அலமாரி மேலே சும்மாதான் கிடக்கிறது, விற்க மனம் வரவில்லை. கேட்காதே, தரமாட்டேன்.

உன்
குண்டன்