சோலாருக்கு முன்னால் சன்ஷேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்கு பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்துவிட்டு மொட்டைமாடியில் சோலார் தகடு வைத்தால் அரசு அலுவலகம் பசுமைக் கட்டடம் ஆகிவிடாது. அந்தக் கண்ணாடி வழியாக நுழையும் பிற்பகல் வெப்பத்தை வெளியேற்றவே ஏ.சி. அந்த மின்சாரத்தைத் தின்றுவிடும். குமரி மாவட்டத்துப் பொதுக் கட்டடங்களின் மின்செலவு, கட்டட வரைபடம் போடும்போதே தீர்மானமாகிறது.

நாகர்கோவில் ஏறக்குறைய 8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது என்று சன்ஷேடைக் குறைப்பது இங்கே தவறு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில் சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கும். 4 அடி உயர ஜன்னலுக்கு, அந்த வெயிலைத் தடுக்கத் தெற்கே 2½ அடி சன்ஷேடு வேண்டும். வடக்கே 1¼ அடி போதும் என்றாலும், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் சாரலுக்காக 2 அடியாவது விட வேண்டும். சாரலுக்குப் பயந்து மூடிய ஜன்னலைப் பிறகு யாரும் திறப்பதில்லை. பட்டப்பகலில் விளக்கு எரிகிறது.

மேற்குதான் சிக்கல். மாலை வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அங்கே உதவாது. மாடிப்படி, கழிப்பறை, பதிவேட்டு அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் ஒதுக்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. முழுக்க அடைத்தால் அதையும் இழப்போம். 6 அடி வராந்தாவும் அதன் வெளிப்பக்கம் துளைகள் விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரும் வைத்தால் வெயில் நின்றுவிடும், காற்று வரும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரக் கிராதிகளும் தாழ இறங்கும் ஓட்டுக் கூரையும் செய்வது இதைத்தான். காற்று வெளியேற எதிர்ச்சுவரிலும் அதே அளவு திறப்பு வேண்டும். அதன் முன்னால் ஃபைல் பீரோக்களை வரிசையாக நிறுத்தினால் இத்தனை ஏற்பாடும் வீண்.

மேல்தளத்துக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் நல்லது. வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த தளம் வெயிலைத் திருப்பி அனுப்பாது. மின்விசிறியில் 75 வாட்டுக்குப் பதில் மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள 30 வாட் விசிறி வாங்கினால், நான்கு விசிறி உள்ள வகுப்பறையில் 8 மணி நேரத்துக்கு 2.4 யூனிட் என்பது ஏறக்குறைய 1 யூனிட்டாகக் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு சோலார் வரட்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்தவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டத்தை உப்புக்காற்று அரித்துவிடும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) சட்டமும் 316 ரக எவர்சில்வர் போல்ட்டும் தேவை.

பொதுப்பணித் துறை மதிப்பீடு தயாரிக்கும்போதே ஜன்னல்வாரியாகச் சன்ஷேடு கணக்கை இணைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், ஜனவரியில் மேல்தளத்தையும் தகடுகளையும் கழுவும் செலவை ஆண்டுப் பராமரிப்பில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
தக்கலை.