கயிற்றைப் பற்றி மட்டும் பேசு, கயல்

கயல்ம்மா,

நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் பார்த்தோம். பாப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், பக்கத்து வீட்டுக்காரரின் அந்தப் பூடில் நாய் கயிறில்லாமல் வந்து அவள் முட்டியில் காலைத் தூக்கிவைத்து எகிறுகிறது, அந்த மனிதர் மின்தூக்கிப் பக்கத்திலிருந்தே ‘டோன்ட் வொரி, ஃப்ரெண்ட்லி, ஃப்ரெண்ட்லி’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார், கூப்பிட்டால் அது வரவும் இல்லை. உனக்குக் கோபம் வந்ததில் ஒரு தப்பும் இல்லை. அம்மா அப்போதே டாக்சி பிடித்துச் செங்காங் போகலாம் என்று கிளம்பிவிட்டாள், நான்தான் உட்காரவைத்தேன். போனில் சொல்லலாம் என்றால் நீ வார்டு வேலை முடிந்து அசந்துபோய் இருப்பாய், பாதியில் விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலில் அந்த வீடியோ. அதை ஃபேஸ்புக்கிலும் போடாதே, புளோக் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதே. அவர் முகம் தெரிகிறது, கதவு எண் தெரிகிறது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அவருடைய அடையாளத்தை வெளியே போடுவது 2020லிருந்து இங்கே சிங்கப்பூரில் குற்றம். உனக்கு அந்த நோக்கம் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் கீழே வந்து கமெண்ட் எழுதுகிறவர்களை நீ கட்டுப்படுத்த முடியாது, அவர்களில் யாராவது ஒருவர் அவர் வேலை பார்க்கும் இடம் வரைக்கும் தேடிப் போவார். அப்புறம் பேச்சு நாயை விட்டுவிட்டு வீடியோவைச் சுற்றியே ஓடும், ‘என் முகத்தை ஏன் போட்டாய்’ என்று அவர் கேட்பார், பாப்பா பயந்தது யாருக்கும் நினைவில் இருக்காது. அதற்காக அழித்துவிடாதே. தேதி, நேரம் தெரிகிற மாதிரி எடுத்து வை. பின்னால் அதற்கு வேலை வரலாம்.

இனி அவரோடு பேசுவது. நீ கட்டாயம் பேசத்தான் வேண்டும், நேரில், அவர் வீட்டு வாசலில். அங்கே நீ போய் அந்த நாய் நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம். சிராங்கூன் கார்டன்ஸ் தரைவீடுகளுக்குத் தபால் கொண்டுபோன காலம் முழுக்க நான் கேட்ட ஒரே வசனம் ‘கடிக்காது’ என்பதுதான். கேட் பாதி திறந்திருக்கும், நாய் பைக்கைத் துரத்திக்கொண்டு வரும், உள்ளேயிருந்து குரல் வரும், கடிக்காது என்று. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் கெண்டைக்காலில் பல் பதிந்த அன்றைக்கும் அந்த வீட்டு அம்மா அதையேதான் சொன்னார், நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். தன் நாய் தன்னிடம் எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியும், வேற்று ஆளின் பையையும் ஹெல்மெட்டையும் பார்த்தால் அது என்ன செய்யும் என்று அவர் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையை நீ வாதாடி மாற்ற முடியாது. மாற்ற வேண்டிய தேவையும் உனக்கு இல்லை. கயிற்றைப் பற்றி மட்டும் பேசு.

இப்படிச் சொல்லிப் பார்: ‘உங்கள் நாய் கடிக்கும் என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு நான்கு வயது, அவள் இப்போது கதவுக்கு வெளியே வரப் பயப்படுகிறாள். வீட்டை விட்டு வெளியே வரும்போது கயிறு போட்டுக் கூட்டி வாருங்கள்.’ இவ்வளவுதான். அவர் மறுபடியும் ஃப்ரெண்ட்லி என்று ஆரம்பித்தால், சரி, இருக்கலாம், கயிறு போடுங்கள் என்று திரும்ப அதையே சொல். குரல் உயர வேண்டாம். இன்னொன்று, ‘நீங்கள் வரும்போது சொல்லுங்கள், நாங்கள் உள்ளேயே இருக்கிறோம்’ என்று தயவுசெய்து சொல்லிவிடாதே. உனக்கு யாரிடமும் முகம் கோண முடியாது, அப்படி ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவாயோ என்று எனக்குக் கவலை. தாழ்வாரம் எல்லாருக்கும் பொது. அவருடைய நாய் உலாவும் நேரம் பார்த்து நம் பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. பொது இடத்தில் எந்த நாயாக இருந்தாலும் கயிற்றில் இருக்க வேண்டும், மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். பூடிலுக்கு ஒரு சட்டம், பெரிய நாய்க்கு ஒரு சட்டம் என்று இல்லை. பிட்புல், அகிட்டா மாதிரிப் பட்டியலில் இருக்கும் இனங்களுக்கு மட்டும் கயிற்றோடு வாய்க்கூடும் கூடுதலாகப் போட வேண்டும். வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பொதுவாக அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றை, வீட்டுக்கு ஒன்று என்று வளர்க்கலாம், உரிமம் எடுக்க வேண்டும். அதனால் அவர் நாய் வைத்திருப்பதில் நமக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, இதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல், ஏனென்றால் நாய் வளர்க்கிறவர்கள் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றாலே ‘நாயை வெளியேற்றச் சொல்ல வந்திருக்கிறார்கள்’ என்றுதான் நினைப்பார்கள். அபராதக் கணக்கை முதல் நாளே எடுத்துப் பேசாதே. அது உனக்குத் தெரிந்திருந்தால் போதும், குரலில் தடுமாற்றம் இருக்காது.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு இன்னொன்றும் பட்டது. அவர் கையில் கயிறு இருக்கிறது! சுருட்டி உள்ளங்கையில் வைத்திருக்கிறார். கீழே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆள் அவர். கேட்டைத் திறந்ததும் அது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, கேட்டுக்கும் மின்தூக்கிக்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் வம்பெல்லாம். அப்படியானால் நீ கேட்பதும் சின்ன விஷயம்தான், கேட்டைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே மாட்டிவிடுங்கள் என்று கேட்கலாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துக் கயிற்றை அதில் தொங்கவிட்டால் மறக்காது. மின்தூக்கிக் கதவு திறக்கும்போது உள்ளே யார் நிற்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது அல்லவா? மூச்சிரைக்கிற கர்ப்பிணியாக இருக்கலாம், கைத்தடி ஊன்றிய பெரியவராக இருக்கலாம்.

உங்கள் புளோக்கில் நான் பார்த்திருக்கிறேன், ஏழாம் மாடியில் ஒரு பெண் சிங்கப்பூர் ஸ்பெஷல் என்கிற கலப்பின நாய் வைத்திருக்கிறாள், தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது, காது ஒடுங்கி, வாலைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டே நடக்கும். வேறு நாய் வரும் சத்தம் கேட்டாலே அந்தப் பெண் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அந்த நாய் கயிற்றில் இருக்கிறது, அதனால் ஓட முடியாது. இந்தப் பூடில் பாட்டுக்கு ‘ஃப்ரெண்ட்லி’யாக அதன் முகத்தில் போய் விழுந்தால், பயந்த நாய் என்ன செய்யும்? கடிக்கும். அன்றைக்குக் காயம்படுவது சின்ன நாய்தான். கார் நிறுத்துமிடத்தில் சாப்பாடு கொண்டுவரும் சைக்கிள்கள் எந்த வேகத்தில் வளைகின்றன என்று உனக்கே தெரியும். நாய்மேல் பிரியம் இருக்கிறவருக்கு இந்தப் பக்கத்தை எடுத்துச் சொன்னால் மனசில் படும். அது ஓடி விளையாட வேண்டும் என்பதும் உண்மை, நாய்க்கு ஓட்டம் வேண்டும். அதற்குத்தான் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் வேலி போட்ட நாய் ஓட்டத் திடல் இருக்கிறது, ஜூரோங் லேக் கார்டன்ஸிலும் வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் இருக்கிறது, அங்கே கயிற்றைக் கழற்றிவிட்டு ஆசை தீர ஓடவிடலாம்.

எதிர் வீட்டு மலாய் பாட்டியிடமும் ஒரு வார்த்தை பேசு. அவர் தொழுகைக்குக் கிளம்பும்போது அந்த ஈர மூக்கு அவர் துணியில் பட்டால், அவர்கள் முறைப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். அவர் புகார் சொல்லாதவர், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார், அதனாலேயே பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவரையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்காதே. நீயும் மாப்பிள்ளையும் மட்டும் போங்கள். கூட்டத்தைப் பார்த்தால் எந்த மனிதரும் முறைத்துக்கொள்ளத்தான் செய்வார். இரவு எட்டு மணிக்கு மேல் போகாதே, நாய் வெளியே இருக்கும்போதும் பேச்சை ஆரம்பிக்காதே, குரல் மாறினால் அதுவும் பதற்றப்பட்டுக் குரைக்க ஆரம்பிக்கும், அப்புறம் யார் பேச்சும் யார் காதிலும் விழாது.

பாப்பா விஷயம்தான் எனக்கு மனசில் பெரிதாக நிற்கிறது. பயந்த பிள்ளையிடம் ‘இதுக்குப் போய் பயப்படலாமா’ என்று யாரும் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. அவள் உயரத்துக்கு அந்தப் பூடில் நமக்கு ஒரு கன்றுக்குட்டி மாதிரி. அவளுக்கு ஒன்றே ஒன்று பழக்கு. நாய் ஓடி வந்தால் மரம் மாதிரி நிற்க வேண்டும். கை இரண்டையும் மடக்கி நெஞ்சோடு வைத்து, கண்ணைத் தாழ்த்தி, தன் காலைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல். ஓடினால் அது துரத்தும், கத்திக் கையை ஆட்டினால் விளையாட்டு என்று நினைத்து எகிறும், அசையாமல் நிற்கிற பிள்ளையை முகர்ந்து பார்த்துவிட்டு அதுவே சலித்துப் போய்விடும். வீட்டுக் கூடத்தில் விளையாட்டாகவே பழக்கலாம், நீ நாய், அவள் மரம். நாங்கள் தபால் பையை நாய்க்கும் எங்களுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்னால் நகர்வோம். நீயும் மார்க்கெட் பையையோ குடையையோ அப்படிக் குறுக்கே பிடிக்கலாம். இந்தச் சின்ன நாய் வரும்போது அவளைச் சட்டென்று தூக்காதே, தொங்குகிற காலைப் பார்த்தால் அது இன்னும் எகிறும். நீ அவளுக்கு முன்னால் போய் நில். அது போதும்.

கடி பட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்கச் சொன்னாள். நர்ஸ் உனக்கே தெரியும், இருந்தாலும் மாப்பிள்ளைக்குச் சொல்லிவை, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். 1953லிருந்து சிங்கப்பூரில் வெறிநோய் இல்லை, ஆனாலும் நாய்ப் பல்லில் வேறு கிருமிகள் உண்டு, சின்னக் காயம் என்று விடக் கூடாது.

பேசியும் அவர் மாறவில்லை என்றால்? ஒரு வாரம் பார். பிறகு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கதவில் சொருகு, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள். அதற்கும் அசையவில்லை என்றால் ஒன்சர்வீஸ் செயலியில் புகார் கொடு, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்குப் பிரிவுதான் இதைப் பார்க்கிறது, எந்த நாள், எத்தனை மணி, எந்த மாடி என்று எழுதி அந்த வீடியோவைச் சேர்த்துவிடு. அது கோள்சொல்லித்தனம் இல்லை. நீ கேட்டுப் பார்த்தாய், எழுதிப் பார்த்தாய், அதற்கு மேல் என்ன செய்வாய்? அபராதத்தைவிட எனக்குப் பிடித்த வழி சமூக மத்தியஸ்த நிலையம். 1998லிருந்து இருக்கிறது, தொண்டூழியர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். நம் ஈசூன் புளோக்கில் நாய் அசிங்கம் பண்ணியதை வைத்து மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய், கடைசியில் அங்கே போய்த்தான் முடிந்தது, இப்போது இரண்டு பேரும் கோப்பிக் கடையில் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அதையும் தாண்டினால் 2015ல் வந்த அண்டைவீட்டார் தகராறு மன்றம் இருக்கிறது, வளர்ப்புப் பிராணியால் வரும் தொல்லையையும் அது விசாரிக்கும். அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன். கயிற்றைக் கையில் வைத்திருக்கிற மனிதர், அதைக் கழுத்தில் மாட்டச் சொல்வதுதானே பாக்கி.

அவர் சரி என்று சொல்லி, அடுத்த தடவை கயிற்றோடு வந்தால், நின்று ஒரு தேங்க்ஸ் சொல். பாப்பாவைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே. தூரத்திலிருந்து பார்க்கட்டும், அவளே கேட்டால் மட்டும் பக்கத்தில் கூட்டிப் போ.

சனிக்கிழமை காலையில் நானும் அம்மாவும் வருகிறோம். பாப்பாவை நாங்கள் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போகிறோம், நீங்கள் இரண்டு பேரும் அப்போது போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அம்மா மீன்குழம்பு வைத்துக் கொண்டுவருகிறாளாம், சோறு மட்டும் வைத்துவிடு. மாப்பிள்ளைக்கு அன்றைக்கு வேலை இருந்தால் இன்றே சொல், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா