பாலர் வகுப்புக்கு ஒரு மூலை கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பள்ளிப் பொங்கல் விழாவன்று பாலர் வகுப்புப் பையன் ஒருவனை விளையாட்டுச் சாமான் ஸ்டோரில் விட்டுக் கதவைச் சாத்திய விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையனின் அப்பா நான். நேரில் வந்து பேசினேன். "அழுகை நிற்கட்டும் என்றுதான் வைத்தோம், அடிக்கவில்லையே" என்றார்கள். அடிக்கவில்லை, உண்மைதான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பிறகு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் பார்த்தேன். கை கூப்பும் படம் ஒன்று வந்தது. அதற்குக் கீழே சீருடை விலைப்பட்டியல் வந்தது. இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். பாலர் வகுப்பில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். மிரண்டுபோன பிள்ளை அடங்கி வருவதற்கு ஓர் இடமும், பக்கத்தில் ஒரு பெரியவரும் வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது இனி இருக்கக் கூடாது.

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறேன். டர்பைன் அறைக்குள் காதுறை இல்லாமல் கால் வைத்தால் சூப்பர்வைசர் விரட்டிவிடுவார். 2019-ஆம் ஆண்டு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒரு தொழிலாளி 8 மணி நேரத்தில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் கேட்கக் கூடாது. எங்களுக்கு இப்படி. தகரக் கூரை போட்ட மண்டபத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் பாலர் வகுப்பு. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் உறுமி மேளம் நிற்கவே இல்லை. பிள்ளைகள் வேட்டியும் பாவாடையும் கட்டி, பசியோடு, அசையாமல் உட்கார வேண்டும். என் மகன் காதைப் பொத்தினான். கையை எடுத்துவிட்டார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்காதாம். நாற்காலிக்கு அடியில் போனான். இழுத்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கத்தினான். கத்திய இடத்திலிருந்துதான் எல்லோரும் கதையை ஆரம்பிக்கிறார்கள்.

பள்ளி திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை என் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் வகுப்பில் உட்காருகிறவன். இப்போது கதவு திறந்திருந்தால்தான் உட்காருகிறான், அதுவும் வாசலில் நான் அவன் கண்ணில் பட வேண்டும். அதற்காகவே இரவு ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் குளியலறைக் கதவை யாரும் மூட முடிவதில்லை. காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கச் சொல்கிறான். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அலங்காரத்துக்காக ஐயர் திரையைப் போட்டதும் என் காலைக் கட்டிக்கொண்டு, "சாமியும் அழுதுச்சாப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் யோசித்து வைத்திருந்தால் சொல்லுங்கள்.

"அடம் பிடிக்கிற பிள்ளை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று ஒருவர் சொன்னார். அடம் எது, மிரட்சி எது என்று பார்த்தாலே தெரியும். அடம் பிடிக்கிற பிள்ளை நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். மிரண்ட பிள்ளைக்கு நாம் இருப்பதே தெரியாது, ஐஸ்கிரீமைக் கொடுத்தாலும் அழுகை நிற்காது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற முன்மூளை 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்குமாம். நான்கு வயதில் "உன்னை நீயே அடக்கிக்கொண்டு வெளியே வா" என்றால் அவன் எதை வைத்து அடக்குவான்? பக்கத்தில் நிதானமாக ஒருவர் இருந்தால்தான் அந்த நிதானம் பிள்ளைக்குத் தொற்றும். தனியாக அடைத்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் அமைதியானது என்றால் களைத்துப்போய்விட்டது என்றும் இருக்கலாம்.

இதெல்லாம் பெரிய மருத்துவ ரகசியம் இல்லை. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்னை விட்டுப் போவார். ஆயா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனாலும் அழுகிற பிள்ளையை எப்படி அமர்த்துவது என்று தெரியும். தூளியில் போட்டு ஒரே சீராக, மெதுவாக ஆட்டுவார். அப்படி ஆடுவது உடம்பை அமர்த்தும் என்று இன்று தெரபி கொடுப்பவர்களும் சொல்கிறார்கள்.

மகனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது, அங்கே தெரபி கொடுக்கும் அம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். கத்திக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது. "ஏன் அழுகிறாய், என்னைப் பார், சாரி சொல்" எதுவும் வேண்டாம். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, "நான் இங்கேதான் இருக்கேன்" என்று தாழ்ந்த குரலில் ஒருமுறை சொன்னால் போதும். தொட்டால் பிடிக்கும் பிள்ளையை இறுக்கி அணைக்கலாம், பிடிக்காத பிள்ளையைத் தொடாமல் பக்கத்தில் இருக்கலாம். கொஞ்சம் இறங்கி வந்ததும் கைக்கு வேலை. வாளியில் தண்ணீர், ஒரு குவளை, ஒரு வடிகட்டி கொடுத்தால் என் மகன் மொண்டு மொண்டு ஊற்றுவான். சப்பாத்தி மாவைப் பிசைவது அதைவிட நல்லது, கைக்கு அழுத்தம் கிடைக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பாரமான வேலைதான் பிடிக்கும். சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொல்லலாம், புத்தகக் கூடையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்கிப் போகச் சொல்லலாம்.

மூச்சுக்கும் ஒரு வழி இருக்கிறது. வெளியே விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு இறங்கும். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையிடம் "மூச்சை இழுத்து விடு" என்றால் இழுப்பதோடு நின்றுவிடும். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐந்து விரலையும் காட்டி, பிறந்தநாள் மெழுகுவத்தி என்று ஒவ்வொன்றாக ஊதி அணைக்கச் சொல்லுங்கள். மூச்சு தானாக நீளும். இதையெல்லாம் பிள்ளை சிரித்து விளையாடும் நேரத்திலேயே பழக்கிவிட வேண்டும். மிரண்ட பிறகு புதிதாக எதுவும் தலையில் ஏறாது. ஒரு முக்கியமான விஷயம்: தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல்லி மணிகளை வாங்கித் தருவதாகக் குழுவில் ஒருவர் சொன்னார். நல்ல மனசு, ஆனால் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியை, ஒரு பெம்பந்து, அதாவது உதவியாளர். விழா நாளில் பெம்பந்தையும் பலகாரத் தட்டு தூக்க அனுப்பிவிட்டால் அவர் என்ன செய்வார்? பிள்ளை தன் உணர்ச்சியை அடையாளம் கண்டு கையாளப் பழக வேண்டும் என்று 2017-இல் திருத்திய பாலர்பள்ளிக் கலைத்திட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதைப் பழக்க இடமும் ஆளும் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்புத்தானே?

வருஷக் கடைசியானால் "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று பேனர் கட்டுகிறோம். பிள்ளைகள் குறைந்துபோகிறார்கள், பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்று வீடு வீடாக வருகிறோம், நானும் வந்திருக்கிறேன். சேரும்வரை தங்கமான பிள்ளை, சேர்ந்த பிறகு அழுதால் ஸ்டோர். மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆளுயரக் கட்-அவுட்டுக்கும் காசு இருக்கிறது. ஒரு பாய், ஒரு திரைச்சீலை, ஒரு வாளி, இரண்டு தலையணை, சின்னக் காதுறை ஒன்றிரண்டு என்றால் மட்டும் "பட்ஜெட் பார்க்கணும்" என்கிறோம். "முதலில் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்து வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. அட்டை தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்கட்டும். காது வலித்து அழுவதற்கு எந்தப் பிள்ளைக்கும் அட்டை தேவையில்லை.

சரி, குரல் உயர்ந்துவிட்டது. பணிவாகவே கேட்கிறேன். பாலர் வகுப்பில் அந்த மூலையை ஒதுக்குங்கள். அது தண்டனைக்குப் போகும் இடமாக இருக்க வேண்டாம், பிள்ளை தானாகவும் போய் உட்காரலாம். பெரிய விழாக்களில் பாலர் வகுப்பை ஸ்பீக்கருக்குத் தூரமாக, கதவோரமாக உட்கார வைத்து, வெளியே கூட்டிப் போக ஒருவரை நியமியுங்கள். அழும் பிள்ளையைத் தனியாக அடைக்க மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள்.

சாமான் செலவை நானும் இன்னும் சில பெற்றோரும் ஏற்றுக்கொள்கிறோம். எல்லோரும் கூடிப் பள்ளி வேலை செய்யும் அடுத்த கோத்தோங் ரோயோங் அன்று திரைக்கம்பியை நானே வந்து அடிக்கிறேன், ஸ்டோர் கதவின் வெளித் தாழ்ப்பாளையும் நீங்கள் அனுமதித்தால் அன்றே கழற்றிவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பாகப் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாலர் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை