எங்கள் ஊர்ப் பெயர் எல்லைக்கு அந்தப் பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைபேசி வரைபடங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். செயற்கைக்கோள், ஜிபிஎஸ் எல்லாம் வந்தது. ஊர்ப் பெயர்களை எங்கே எழுதுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது மட்டும் வரவில்லை. எல்லையில் கடை வைத்திருப்பவனுக்கு அதுதான் தலைவலி.

வேலந்தாவளத்தில் மாட்டுத் தீவனக் கடை நடத்துகிறேன். இது பாலக்காடு மாவட்டம். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கோயம்புத்தூர் மாவட்டம். போன மாதம் காங்கேயத்திலிருந்து புண்ணாக்கு ஏற்றி வந்த டிரைவர், எல்லைக்கு அந்தப் பக்கமே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “அண்ணே, ஊருக்கு வந்துட்டேன், கடையத்தான் காணோம்” என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். அவர் போனில் ஊரின் புள்ளி கேரளத்தில் சரியாகத்தான் இருந்தது. பெயரின் பின்பாதி மட்டும் கோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டில் கிடந்தது. மனுஷன் அந்த ‘வளம்’ மேல் விரலை அழுத்தி வழி கேட்டிருக்கிறார்.

பொறியியல் படிக்கும் என் மகள்தான் காரணத்தைச் சொன்னாள். புள்ளியைச் சுற்றிப் பெயர் உட்கார நாலைந்து இடம் உண்டு. பொதுவாக வலது மேல் மூலைக்குத்தான் முதல் மரியாதை. எங்களுக்கு வலது பக்கம் என்றாலே தமிழ்நாடு! சரி, எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்து நல்ல இடமாக எடுக்கக் கூடாதா என்றேன். ஊருக்கு நாலு இடம் என்று வைத்தால்கூட, இருபது ஊருக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் சேர்க்கை வருமாம். படத்தை விரலால் நகர்த்தும்போதெல்லாம் கணக்கு மாறும். அதனால் கணினி ஓரளவு சரியாக வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. இடம் கிடைக்காத சின்ன ஊரின் பெயரை அப்படியே விட்டுவிடுகிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். இன்னும் சில பெயர்கள் காணாமல் போயின. ‘கொழிஞ்சாம்பாறை’ பிடிக்கிற இடத்தில் வேறு எந்த ஊர் நிற்க முடியும்?

கையால் எழுதிய காலத்தில் இதற்கெல்லாம் ஒரு முறை இருந்தது. சுவிட்சர்லாந்தின் வரைபடக் கலைஞர் எடுவார்ட் இம்ஹோஃப், பெயர்களை வைக்கும் முறையைப் பற்றி மட்டுமே 1962-இல் ஒரு கட்டுரை எழுதினார். கரையோர ஊரின் பெயரைக் கடலில் எழுது என்பது அந்த மரபுதான். பள்ளி அட்லஸில் நாகப்பட்டினம் வங்கக்கடலில் மிதந்ததைப் பார்த்துச் சிறுவயதில் சிரித்திருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது.

மாநில எல்லைக்கோட்டின் மேல் ஏறும் இடத்துக்குக் கணக்கில் மதிப்பெண்ணைக் குறைத்தால், பெயர் தானாக இடது பக்கம் போய்விடும் என்கிறாள் மகள். வரைபடம் தயாரிப்பவர்கள் அதையாவது செய்யலாம். இப்போதைக்கு லோடு சொல்லும்போதே, “செக்போஸ்ட் தாண்டி வாங்க, மலையாள போர்டு வந்த பிறகு கடையைத் தேடுங்க” என்று டிரைவரிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தீவனக் கடைக்காரர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்