காசில்மெய்ன் தங்க வயலுக்குப் பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களை அடுத்த மாதம் காசில்மெய்னுக்கு அழைத்துச் செல்கிறோம். மெல்போர்னிலிருந்து வடமேற்கே சுமார் 120 கிலோமீட்டர். இன்னொரு தங்க வயல் ஊரான பல்லாரட்டுக்கே போகலாமே என்று சிலர் கேட்டீர்கள். அங்கே பழைய தெருவைப் புதிதாகக் கட்டிக் காட்டுகிறார்கள்; நம் பிள்ளைகளில் பலர் பார்த்தும்விட்டார்கள். காசில்மெய்னில் இருப்பது, பொன் தேடித் தோண்டியவர்கள் விட்டுப்போன நிலம். 2002 முதல் அது தேசிய மரபுப் பூங்காவாகக் காக்கப்படுகிறது.

1851 ஜூலையில் பார்க்கர்ஸ் கிரீக் பகுதியில் ஆட்டுப் பண்ணை ஆட்கள் பொன்னைக் கண்டார்கள். செப்டம்பரில் அது பத்திரிகையில் வெளிவந்ததும் ஓடைக்கரைகள் கூடாரங்களால் நிறைந்தன. ஓடைகள் படியவைத்த சரளை மண்ணிலேயே பொன் கிடந்ததால், ஒரு மண்வெட்டியும் அரிக்கும் தட்டும் வைத்திருந்த ஏழையும் தேடலாம். ஆனால் பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அதை இரட்டிப்பாக்க அரசு முனைந்தபோது, டிசம்பர் 15 அன்று அருகிலுள்ள சூட்டனில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். உயர்வு கைவிடப்பட்டது. பொன் தோண்டியவர்கள் அரசை எதிர்த்து எழுந்த பல்லாரட்டின் யுரேகா எழுச்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி இது; பாடங்களில் இன்னும் அதிக இடம் பெற வேண்டும் என்பது என் எண்ணம்.

காட்டுக்குள் மண்மேடுகளும் குழிகளும்தான் தெரியும். "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். உடன்வரும் பெற்றோர் வட்டமான ஒரு பள்ளத்தைக் காட்டுங்கள். செக்கு மாட்டைப் போலக் குதிரை சுற்றிவந்து, பொன்னைப் பிரிக்கக் களிமண்ணைக் கரைத்த இடம் அது.

பென்னிவெயிட் ஃபிளாட் சிறுவர் இடுகாட்டைப் பற்றி முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். 1852 முதல் 1857 வரை அங்கே சுமார் 200 பேர் புதைக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். மண் அலசிக் கலங்கிய தண்ணீரே குடிநீராகவும் இருந்தது. வயிற்றுக்கடுப்பு குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்தப் பாறைமேட்டில் பொன் இல்லாததால்தான் இடுகாட்டுக்கு இடம் கிடைத்தது. சிறு கற்களை அடுக்கி எல்லை கட்டிய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. அங்கே ஓடவோ கற்களை நகர்த்தவோ கூடாது.

பொன் தேடி வந்த சீனர்களின் கல்லறைகளை வான் (Vaughan) என்ற ஊரில் பார்ப்போம். கப்பலில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 1855இல் விக்டோரியா காலனி அரசு 10 பவுண்ட் வரி விதித்தது. அதைத் தவிர்க்கப் பலர் தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். இந்த மண்ணின் முதல் மக்களான ஜா ஜா வுரங் மக்கள் இந்த நிலத்தைத் தலைகீழாக்கப்பட்ட நாடு என்கிறார்கள். மேல்மண் போய், மரங்கள் வெட்டப்பட்டு, ஓடைகள் திசைமாறிய அந்த நிலத்தில் நின்றுகொண்டே மாணவர்களுக்கு அதை விளக்குவோம்.

பழைய சுரங்கக் குழிகள் புதருக்குள் மறைந்திருக்கும். பாதையை விட்டு யாரும் விலகக் கூடாது. மூடிய காலணி, தொப்பி, தண்ணீர் அவசியம். இடுகாட்டைப் பார்ப்பது உங்கள் பிள்ளைக்குக் கடினமாக இருக்கும் என்று நினைத்தால் அனுமதிச் சீட்டில் குறிப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஓர் ஆசிரியை அவர்களுடன் இருப்பார். உடன்வர இயலும் பெற்றோரும் அதிலேயே எழுதி, வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்