கிளாஸைப் பற்றி உனக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே மகள் ஒருவழியாக ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸைக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன், ஊசி மாட்டிக்கொண்ட இசைத்தட்டு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அரை நூற்றாண்டாகப் பலர் சொல்லும் குறைதான். ஆனால் ஊசி மாட்டினால் அதே துண்டு அப்படியே திரும்பி வரும். கிளாஸிடம் அப்படி வராது. 1969-இல் எழுதிய 'மியூசிக் இன் ஃபிஃப்த்ஸ்' என்ற உருப்படியைக் கவனித்துக் கேள். ஒரு சிறு சொற்றொடர் ஓடும், இரண்டு மூன்று ஸ்வரம் கூடும், மறுபடி கூடும், கடைசியில் அது நீண்ட ஆறாகிவிடும். தனி ஆவர்த்தனத்தில் ஸ்ரோதோவக யதி, அதாவது சிறிதாகத் தொடங்கி ஆறு மாதிரி அகலும் தாள அமைப்பு, விரியும்போது நீ விரலை மடக்கிக் கணக்குப் போடுவாயே, அந்தக் காதுதான் இங்கேயும் வேண்டும்.

இது தற்செயலான ஒற்றுமை இல்லை. 1960-களின் நடுவில் பாரிஸில் ஒரு திரைப்படத்துக்காக ரவிசங்கரின் இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதிக்கொடுத்தவர் கிளாஸ். அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது என்று தபலா கலைஞர் அல்லா ரக்கா மறுத்துக்கொண்டே இருக்க, தாளத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் அளவுக்கோடுகளையே கிளாஸ் அழித்துவிட்டாராம். அப்போதுதான் தாளம் சிறு கூறுகள் சேர்ந்து வளர்வது அவருக்குத் தெரிந்தது.

அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் நான் வாதாட மாட்டேன். பிற்காலத்தில் நிறைய எழுதிவிட்டார், பல சாதாரணம். ஆனால் 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறிய அவருடைய 'சத்யாக்ரஹா' என்ற ஆபரா, அதாவது இசை நாடகம், வேறு தளம். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் கதை. பாடுவது முழுக்கக் கீதையின் சமஸ்கிருதம். பித்தளை வாத்தியமும் இல்லை, தாள வாத்தியமும் இல்லை. மூன்றாம் அங்கத்தின் முடிவில் மார்ட்டின் லூதர் கிங் மேலே பேசாத உருவமாக நிற்க, கீழே காந்தி தனியாகப் பாடுகிறார். கீதையின் நாலாம் அத்தியாயத்தில் வரும் 'யதா யதா ஹி தர்மஸ்ய'வும் அதில் உண்டு. மெட்டு என்றால் ஒரே ஆரோகணம், திரும்பத் திரும்ப. மேற்கில் அந்த ஸ்வர வரிசையை ஃப்ரிஜியன் என்பார்கள், நம் தோடியின் ஸ்வரங்களேதான், கமகம் மட்டும் இல்லை. கீழே தந்தி வாத்தியங்களின் இசைவு மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதே ஸ்வரம் வேறு நிறத்தில் விழுகிறது. யுகம்தோறும் பிறக்கிறேன் என்ற வரிக்கு இதைவிடப் பொருத்தமான மெட்டு எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளாஸின் அப்பா பால்டிமோரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். விற்காத தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், இவை ஏன் போகவில்லை என்று கண்டுபிடிக்கப் போட்டுப் போட்டுக் கேட்பாராம். அப்படியே நவீன இசைக்கு ரசிகராகிவிட்டார். 1976-இல் கிளாஸின் 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' என்ற ஆபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கில் நடந்த பிறகும் மகன் வாடகை டாக்ஸி ஓட்டித்தான் பிழைத்தார். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

'சத்யாக்ரஹா'வின் மூன்றாம் அங்கத்தை மட்டும், வேறு வேலை எதுவும் பார்க்காமல், முழுசாகக் கேட்டுவிட்டு எழுது. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் அலுத்தது என்று சொல், அங்கிருந்து பேசுவோம். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி